அத்தை போய் உட்கார்ந்த வீடு

எங்கள் அத்தை கன்னியாஸ்திரி. எங்கள் ஊரில் வேறு சில வீடுகளிலும் கன்னியாஸ்திரிகள் உண்டு. அவர்கள் பள்ளிக்கூடம் நடத்தினார்கள், ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். எங்கள் அத்தை தெற்கு சூடானில் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால்தான் எனக்குத் திண்டாட்டம். மாட்டுக்காக வெட்டிக்கொண்ட இரண்டு கூட்டத்தாரையும் கூட்டி வைத்து, நடுவில் உட்கார்ந்து பேச வைப்பாள், பறிகொடுத்தவர்களுக்காக அதிகாரிகளிடம் போய் வாதாடுவாள் என்று அம்மா சொல்லிக் கொடுத்திருந்தாள். அப்பாவிடம் கேட்டால், சண்டை விலக்கிவிட அவ்வளவு தூரம் போக வேண்டுமா, இங்கே இல்லாத சண்டையா என்று சிரிப்பார். ஆனால் வெளியாட்கள் முன்னால் தன் தங்கையை 'சிஸ்டர்' என்றுதான் மரியாதையாகச் சொல்வார்.

நான் ஆறாவது படிக்கும்போது அத்தை லீவில் வந்தாள். கூடவே அந்த ஊர்ச் சிஸ்டர் ஒருவரையும் அழைத்து வந்திருந்தாள். நல்ல உயரம்; எங்கள் வீட்டு நிலைவாசலில் குனிந்துதான் நுழைவார். இரண்டு நாள் தெருவே எங்கள் வீட்டு வாசலில் நின்றது. நான் பெருமையில் மிதந்தேன்.

ஒரு மத்தியானம் எனக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே, பள்ளிக்கூடத்தில் யாரோடு சிநேகிதம் என்று அத்தை கேட்டாள். தெற்குத் தெருப் பிள்ளை ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததையும், இப்போது இடம் மாறிப் போய்விட்டதையும் சொன்னேன். அவளுடைய அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு சின்ன வள்ளம்தான் உண்டு. கரைக்குப் பக்கத்தில் அவர் விரித்திருந்த நண்டு வலையை ஏதோ ஒரு விசைப்படகு அறுத்துக்கொண்டு போய்விட்டது. அது எங்கள் அப்பாவின் விசைப்படகு, எங்கள் போட்டுதான் என்று அவர் ஊர்க்கூட்டத்தில் சொன்னார். அப்பா இல்லவே இல்லை என்றார். கூட்டம் அப்பா பக்கம்தான் தலையாட்டியது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, இன்னொன்றையும் சொன்னேன். எங்கள் போட்டின் புரொப்பல்லரில் சுற்றிக் கிடந்த நீல வலையை அப்பாவும் டிரைவரும் கத்தியால் அறுத்து எடுத்ததை நான் பார்த்திருந்தேன். கதைபோலத்தான் சொன்னேன். என் தலைமுடியில் போய்க்கொண்டிருந்த சீப்பு நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் அந்தச் சிஸ்டரைப் பேசச் சொன்னார். அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அத்தை தமிழில் சொன்னாள். சிங்கம், யானை என்று எதிர்பார்த்து வந்த பிள்ளைகள் சீக்கிரமே நெளிய ஆரம்பித்தார்கள். அந்தச் சிஸ்டரின் சொந்தத் தம்பி, மாடு பிடிக்கப் போன கூட்டத்தோடு போய் அயல்கூட்டத்து ஆள் ஒருவரைக் கொன்றுவிட்டானாம். செத்தவரின் வீட்டுக்கு இவர் தனியாகப் போயிருக்கிறார். அவர்கள் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. மறுநாளும் போனாராம். அடிப்பார்கள் என்ற பயம் இல்லையா, யார் அனுப்பினார்கள் என்று பிற்பாடு எல்லாரும் கேட்டார்களாம்.

"யாரும் அனுப்பல. வெக்கந்தான் என்னய அனுப்புச்சுன்னு சொல்றாங்க," என்றாள் அத்தை.

கோயிலுக்கு வெளியே வந்ததும் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். அப்பா வெள்ளைச் சட்டையும் சிரிப்புமாக, அந்தச் சிஸ்டர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். அத்தை நேரே அவரிடம் வந்தாள்.

"அண்ணே, வாங்க. அவுக வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வருவோம்."

"யாரு வீட்டுக்கு சிஸ்டர்?"

"நம்ம போட்டு அறுத்த வலை யாருதோ, அவுக வீட்டுக்கு."

பேசிக்கொண்டிருந்த அத்தனை பேரும் அப்பா பக்கம் திரும்பினார்கள். அப்பாவின் முகம் சுருங்கியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"ஊருக்கு முன்னால அண்ணன அவமானப்படுத்தத்தான் அங்கனருந்து வந்தியா நீ?" என்றார். 'சிஸ்டர்' எங்கோ போய்விட்டது. பிறகு அவர் கண் கூட்டத்தைத் துழாவி என்மேல் வந்து நின்றது. போட்டில் சிக்கிய வலையை அவரைத் தவிரப் பார்த்தது டிரைவரும் நானும் மட்டும்தான். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அத்தையும் அந்தச் சிஸ்டரும் மணலில் தெற்குத் தெருவை நோக்கி நடந்தார்கள். அத்தை திரும்பி எனக்குக் கை நீட்டினாள். நான் போகவில்லை. அப்பாவைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்ற ஒரே நினைப்பில் காதெல்லாம் எரிய, கோயில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளை அவளாக வந்து பேசினாள். "ஒங்க அத்த எங்க அம்மா கையப் பிடிச்சுக்கிட்டு, எங்க வீட்டு ஆளு செஞ்சதுக்கு நான் வெக்கப்படுறேன்னு அழுதாக. அந்தச் சிஸ்டரு எங்க வீட்டுல கஞ்சி குடிச்சாக," என்றாள். அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்கோ அதைவிடக் கேவலம் வேறில்லை என்று பட்டது. போட்டு வைத்திருக்கிற வீட்டு ஆள், வள்ளக்காரர் வீட்டில் போய் அழுவதாவது. அன்றைக்கு நான்தான் வேறு பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தேன்.

லீவு முடியும் வரை அப்பா அத்தையோடு பேசவில்லை. பஸ் ஏற்றிவிடவும் வரவில்லை. அம்மா மட்டும் ஒரு பை நிறையக் கருவாடு கட்டிக் கொடுத்து, ராமநாதபுரம் வரை போய் விட்டுவிட்டு வந்தாள்.

பிறகு மீன்பிடித் தடைக்காலம் வந்தது. போட்டெல்லாம் கரையில் கிடந்த ஒரு சாயங்காலம், கடைக்குப் போன நான் தெற்குத் தெருவில் அப்பாவைப் பார்த்தேன். அந்த வள்ளக்காரர் வீட்டு வாசலில், தோளில் ஒரு புது வலைக் கட்டோடு நின்றுகொண்டிருந்தார். அந்த மனிதர் உள்ளே கூப்பிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. அப்பா தலையைக் குனிந்தபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி அவர் யார் முன்னாலும் நின்று நான் பார்த்ததே இல்லை. என்னைப் பார்த்துவிடுவாரோ என்று ஒரு வள்ளத்தின் மறைவில் பதுங்கி, வாங்கப் போனதை வாங்காமலே வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். அப்பா அந்த வள்ளக்காரர் வாசலில் கெஞ்சிக்கொண்டு நிற்கிறார், எல்லாம் என்னால்தான் என்று அழுதேன். அம்மாவும் என்னோடு சேர்ந்து அழுவாள் என்று நினைத்தேன். அவள் அரிவாள்மனையைச் சாய்த்து வைத்தாள். கையைக் கழுவினாள், முகத்தைக் கழுவினாள். பிறகு வேறு சேலை மாற்றி, தலைசீவி, பூ வைத்துக்கொண்டு, அப்பா வரும் வழியைப் பார்த்து வாசலில் போய் நின்றாள். இவளுக்கு என்ன பைத்தியமா என்று நினைத்துக்கொண்டு, நான் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.