தொட்டுப் பார்க்கும் அலங்காரம்

அந்த மரச்சாமான் கடையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளியிலிருந்து சுமை தூக்குகிறவர் வரை எல்லாருக்கும் அவள் 'ஷோகேஸ்'தான். கடைக்குள்ளே சின்னச் சின்னதாகப் பொய் அறைகளை உருவாக்குவது அவள் வேலை. யாரும் படுக்காத கட்டிலுக்குப் பக்கத்தில் யாரும் படிக்காத புத்தகத்தைப் பாதி திறந்து கவிழ்த்து வைப்பாள். யார் பெற்ற பிள்ளை என்றே தெரியாத ஒரு குழந்தையின் படத்தைச் சட்டம் போட்டு மேசையில் நிறுத்துவாள். சும்மா பார்க்க வந்தவர்கள் அந்தப் பொய் வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, எழுந்திருக்க மனமில்லாமல் சோபா என்ன விலை என்று கேட்பார்கள்.

சொந்த வீட்டிலும் அதே சட்டம்தான். உயரமானது பின்னால், குட்டையானது முன்னால். எதையும் ஜோடியாக வைக்கக் கூடாது, ஒற்றைப்படைதான் கண்ணுக்கு அழகு. அலமாரியில் கொஞ்சம் வெற்றிடம் விட்டால்தான் இருப்பது எடுபடும். அவள் புருஷன் எலக்ட்ரீஷியன், தமாஷ்பேர்வழி. வருகிறவர்களிடமெல்லாம், "இந்த வீட்ல மேட்ச் ஆகாத சாமான் நான் ஒருத்தன்தான். தூக்கிப் போட மனசு வராம வெச்சிருக்கா" என்பார்.

இப்படியிருந்த வீட்டுக்குத்தான் அவளுடைய அண்ணன் இரண்டு மரப்பெட்டிகளோடு வந்து இறங்கினார். சரக்குக் கப்பலில் சமையல்காரர். கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாமல், பாதி வாழ்க்கையைத் தண்ணீரிலேயே கழித்தவர். உப்புக் காற்று அலுத்துப்போச்சு, இனி கரையில் கிடக்கிறேன் என்று மட்டும் சொன்னார். அவளும் மேற்கொண்டு தோண்டவில்லை. யாரும் புழங்காத அறையை ஒழித்துக் கொடுத்தாள்.

பெட்டிகளைத் திறந்த பிறகுதான் வந்தது வினை. கால் வைத்த துறைமுகத்திலெல்லாம் எதையாவது வாங்கிச் சேர்த்திருந்தார் மனிதர். முழங்கை நீளத்துக்கு ஒரு மரமீன், வாய் பிளந்த மண்தவளை, நாக்கு வளைந்த பித்தளை மணி, முள் முள்ளாகச் சங்குகள், எந்த மிருகம் என்று சொல்ல முடியாத ஒரு கல் பொம்மை. அவற்றைத் தன் அறையோடு நிறுத்திக்கொள்ளாமல் வீடெங்கும் பரப்பினார். மீன் நடைச்சுவரில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. தவளை அடுப்பு மேடை ஓரத்தில். கல் பொம்மை குளியலறை ஜன்னலில்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். ஒருநாள் மீனை ஒரு சாண் தள்ளி வைத்தாள். மறுநாள் அது பழைய இடத்துக்கே வந்துவிட்டது. தவளையை ஹாலுக்குக் கொண்டுபோனாள், அதுவும் திரும்பிப் போனது. கடைசியில் வாய்விட்டே கேட்டாள். அவர் சிரித்து மழுப்பினார். இருக்கிறது இருக்கிற இடத்தில் இருக்கட்டும் என்றார். அதற்குமேல் பேச்சு வளர்ந்து, இரண்டு பேரும் ஒருநாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புறம், உடன் வேலை பார்த்த ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்காக அண்ணன் வெளியூர் கிளம்பினார். கூட்டிப்போக அந்த நண்பரின் மகனே வாசலுக்கு வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனான். என்ன மரியாதை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவர் தலை மறைந்ததும் வேலையை ஆரம்பித்தாள். வேண்டாம், வந்து வருத்தப்படுவார் என்று புருஷன் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கெடுதலாக எதுவும் நினைக்கவில்லை அவள். அவருடைய சாமான்களுக்கு ஒரு கௌரவம் செய்ய வேண்டும் என்றுதான் நினைத்தாள். எல்லாவற்றையும் திரட்டித் துடைத்து, அவர் அறையின் ஒரு சுவர் முழுக்கப் பலகை அடித்து அடுக்கினாள். மீனை நடுவில் நிறுத்தி, பித்தளை மினுங்கும்படி புருஷனை விட்டே சின்ன விளக்குகள் போடவைத்தாள். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். கடையில் இத்தனை வருஷம் செய்த எதுவும் இதற்குக் கிட்டே வராது.

மறுநாள் ராத்திரி அண்ணன் திரும்பி வந்தார். அறைக்குள் கூட்டிப்போய் விளக்கைப் போட்டாள். அவர் வாசற்படியிலேயே நின்றார். அங்கிருந்தே சொன்னார்:

"ரொம்ப நல்லாருக்கும்மா. கண்காட்சி மாதிரி இருக்கு."

சொன்னபோது அவர் முகம் துணி பீரோவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அலங்காரம் எதிர்ச்சுவரில் இருந்தது. கோபத்தில் குத்திக்காட்டுகிறார் என்றுதான் அவளுக்குப் பட்டது. அவளுக்கும் ரோஷம் வந்து, விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

காலையில் டீ போடுவது எப்போதும் அண்ணன்தான். அன்றைக்கு அடுப்படியில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டு அவள் ஓடினாள். கொதித்த தண்ணீர் அவர் பாதத்தில் கொட்டியிருந்தது. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு கையால் மேடை ஓரத்தைத் தடவிக்கொண்டே நின்றார். அந்தக் கை தவளையைத் தேடுகிறது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

புருஷன் குழாயடியில் உட்காரவைத்துக் காலில் தண்ணீர் ஊற்றினார். அவள் எதிரில் உட்கார்ந்து கேட்டாள்.

"எவ்வளவு நாளா கண்ணு இப்படி அண்ணே?"

"கப்பல்லயே ஆரம்பிச்சிடுச்சு. அதனாலதான் இறக்கி விட்டாங்க."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா வேலைய விட்டுட்டு என் கையப் புடிச்சிட்டு உக்காந்துடுவே. கப்பல்ல எல்லாம் வெச்ச எடத்துல இருக்கும்மா. ஒரு தடவ பழகிட்டா கண்ணே வேணாம். இங்கயும் அப்படி ஒண்ணு பண்ணிக்கலாம்னு பாத்தேன்."

அவள் எழுந்து போய்த் தவளையை எடுத்துவந்து மேடையில் வைத்தாள். வைத்த இடம் சரிதானா என்று அவரைத்தான் கேட்க வேண்டியிருந்தது. எல்லாரும் அவளிடம் புகழ்வது அவள் கண்ணைத்தான். அந்தக் கண்ணுக்கு அண்ணன் சுவரைத் தடவி நடந்தது தெரியாமல் போயிற்றே என்ற நினைப்பு, அவளை வெகுநாள் தின்றது.

டாக்டர் பார்த்துவிட்டு, வலது கண் போனது போனதுதான், இடது கண்ணில் மிச்சமிருக்கும் வெளிச்சத்தைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். அதுவரை வந்தது லாபம் என்று அண்ணன் எடுத்துக்கொண்டார்.

பிறகு வீட்டை மறுபடி அலங்கரித்தார்கள். இந்தத் தடவை அவள் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு நடந்தாள், அண்ணன் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். மீன் மூக்கு நீட்டும் பக்கம் குளியலறை. மணி தொங்கினால் அங்கே படி இறங்குகிறது. தவளையின் வாய் பிளந்திருக்கும் பக்கம் கேஸ் வால்வு. சங்கு தட்டுப்பட்டால் அதற்கு அப்பால் ஜன்னல் கதவின் கூர்முனை. இரண்டு மூன்று இடங்களில் அவர் கணக்கும் தப்பு. பொம்மை வைத்த ஜன்னலில் ஈரம் வழுக்குகிறது என்று அவள் வாதாடி அதை இடம் மாற்றினாள். சொரசொரப்பானதெல்லாம் ஆபத்துக்கு, வழவழப்பானதெல்லாம் வழிக்கு என்று வகை பிரித்ததும் அவள்தான். புருஷன் எல்லாவற்றையும் இரட்டைப் பக்க டேப் போட்டு அசையாமல் ஒட்டினார். அவள் ஆசையாக வைத்திருந்த கண்ணாடி ஜாடி மூன்றும் பரண் ஏறின.

வீடு பார்க்க நன்றாக இல்லை, அதில் சந்தேகமில்லை. கடையிலிருந்து வந்த ஒருத்தி, என்ன ஷோகேஸ், உன் வீடா இது என்று கேட்டே விட்டாள். அவள் விளக்கம் சொல்லப் போகவில்லை, டீ கொடுத்து அனுப்பினாள். ஆனால் கடையில் அவள் அடுக்கும் அறைகளில் ஒரு மாற்றம் வந்தது. நடக்கிற வழியில் மேசை முனை நீட்டிக்கொண்டு நிற்பதை அவள் விடுவதில்லை. முதலாளிக்கு அது பிடிக்கவில்லை, பழைய எடுப்பு இல்லை என்று குறைபட்டார். அவளும் மாற்றிக்கொள்ளவில்லை.

அண்ணன் இப்போது கைத்தடியோடு தெருமுனை வரை தனியாகப் போய் வருகிறார். போன வாரம் நடைபாதைக் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டர் வாத்து வாங்கி வந்தார். பால்கனிக் கதவுக்கு அடையாளமாக ஒன்று வேண்டியிருந்ததாம். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன கலரும்மா?" என்றார்.

"கேக்காதீங்கண்ணே. பாக்கப்போறது நான்தானே."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் டேப்பைத் தேடி எடுத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் போனாள்.