கிளிக்குக்கு மேல் ஒரு இழுப்பு

முதல் பந்தய நாளன்று, காலை ஏழு மணிக்குள் விதி மாற்ற அறிவிப்பு மூன்று வந்துவிட்டன. பல நாட்டு அணிகள் ஓட்டும் புதிய கார் பந்தயத் தொடர் அது, அதன் முதல் சீசன். எல்லா அணிக்கும் ஒரே மாதிரி கார். நடத்துகிறவர்களுக்கே விதிகள் இன்னும் பிடிபடவில்லை. நேற்று சரி என்றதை இன்று கூடாது என்றார்கள். வளைகுடா வெயிலில், அந்தக் கராஜுக்குள் ஒருவருக்கும் ஒரு இடத்தில் கால் தரிக்கவில்லை. நான் டூல்பாக்ஸை ஐந்தாவது முறையாக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அதுவரை பதினெட்டு வருடம் திருக்காட்டுப்பள்ளியில் நெல் அறுவடை இயந்திரம் பழுது பார்த்தவன் நான். கோயம்புத்தூரில் ஒரு பந்தய அணி ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்டு, நாற்பத்து மூன்று வயதில் போய்ச் சேர்ந்தேன். சும்மா போகாமல் எங்கள் தெரு பாஸ்கரையும் கூட்டிப் போனேன். கும்பகோணத்தில் கார் ஷோரூமில் நல்ல வேலையில் இருந்த பையன். "நீங்க இருக்கீங்கள்ல அண்ணே, அது போதும்" என்று அதை விட்டுவிட்டு வந்தான்.

பந்தயத்தின் நடுவே ஒருமுறை பிட்டுக்கு, அதாவது ஓடுபாதை ஓரம் நாங்கள் நிற்கிற இடத்துக்கு, வந்து நான்கு சக்கரத்தையும் மாற்ற வேண்டும். பின் இடது சக்கரத்தின் நட்டைக் காற்றில் இயங்கும் வீல் கன்னால் கழற்றி மாட்டுவது பாஸ்கர் வேலை. பந்தயம் தொடங்குமுன் அதே நட்டை டார்க் ரெஞ்சால் முறுக்கி வைப்பது என் வேலை. குறித்த அளவு வந்ததும் ரெஞ்ச் 'கிளிக்' என்னும். அதோடு நிறுத்திவிட வேண்டும்.

பாதி தூரம் வரை மூன்றாவது இடத்தில் ஓடினோம். பிட்டுக்கு வந்த காரில் மூன்று சக்கரம் கழன்றது, பின் இடது கழலவில்லை. பாஸ்கர் கன்னை வைத்து அழுத்துகிறான், அது அலறுகிறது, நட்டு அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் நீளமான கம்பியைப் போட்டு இரண்டு பேர் தொங்கிக் கழற்றினார்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் போயிற்று. கடைசி இடம்தான் கிடைத்தது.

தலைமை மெக்கானிக் சண்முகம் நட்டைத் திருப்பிப் பார்த்தார். மரை பிய்ந்திருந்தது.

"கன்னைக் கோணலா வெச்சிருக்கான். புது ஆள நம்புனது என் தப்பு. அடுத்த ரேசுக்கு வேற ஆளைப் போட்டுக்கறேன், இவன் ஊருக்குக் கிளம்பட்டும்" என்றார்.

"நேராத்தான் சார் வச்சேன்" என்றான் பாஸ்கர். யாரும் காதில் வாங்கவில்லை.

என் கண் டார்க் ரெஞ்சின் மேல் போயிற்று. சேற்று வயலில் சக்கரத்துக்குப் பதில் செயினில் ஓடுகிற அறுவடை வண்டிக்கு அதிர்விலேயே போல்ட் லூசாகிவிடும். அதனால் எங்கள் பக்கத்து மெக்கானிக் கிளிக்கோடு நிறுத்துவதில்லை. அதற்கு மேல் ஒரு இழுப்பு இழுத்துத்தான் கையை எடுப்பான். இல்லையென்றால் குறுவை அறுப்பில் முழங்கால் சேற்றில் நின்று போல்ட்டைத் துழாவ வேண்டியதுதான். அந்த இரும்புக்கு அது சரி. இந்த அலுமினிய நட்டு தாங்காது. இங்கேயும் இழுத்தேனா? ஞாபகம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பட்டமான பொய். இந்த வயதில் திருப்பி அனுப்பப்பட்டவன் என்று ஊரில் தலைகாட்ட எனக்குத் துணிவில்லை, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் பாஸ்கர் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து அழுதான். "அம்மாகிட்ட என்னன்னுண்ணே சொல்றது?" என்றான். பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தபடி, "பாத்துக்கலாம்டா" என்றேன். உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை.

மறுநாள் காலை, சாமான்களைக் கன்டெய்னரில் ஏற்றுமுன் சண்முகம் எல்லோரையும் கூப்பிட்டார். "எதுக்கும் அவங்கவங்க வேலையை ஒருக்கா செஞ்சு காட்டுங்க."

பாஸ்கர் செய்து காட்டினான். கன் நேராகத்தான் உட்கார்ந்தது. அடுத்து நான். கிளிக் வந்ததும் நிறுத்திவிட வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேதான் ரெஞ்சைப் பிடித்தேன். கிளிக் வந்தது. என் கை மேலும் ஒரு இழுப்பு இழுத்தது.

"எத்தனை வருசமா இந்தப் பழக்கம்?" என்று கேட்டார் சண்முகம்.

"பதினெட்டு வருஷமா சார்."

"நேத்தே தெரியுமா?"

பாஸ்கர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும் சார்."

அவர் என்னை ஊருக்கு அனுப்பவில்லை. ரெஞ்சைப் பிடுங்கிக்கொண்டு, சீசன் முழுக்கச் சக்கரம் கழுவச் சொன்னார். கன் பாஸ்கரிடமே இருந்தது. அவனிடம் போய், "மன்னிச்சுக்கடா, கைப்பழக்கம்" என்றேன்.

"கை இழுத்ததுக்கு நீங்க என்னண்ணே பண்ணுவீங்க. நேத்து நான் அழுதப்ப பக்கத்துலயே உக்காந்து டீ குடிச்சீங்களே, அது என்ன பழக்கம்?" என்றான்.

புது இயந்திரத்தில் கை வைக்கிற தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் பழைய கையை முதலில் சந்தேகப்படுங்கள். சந்தேகம் வந்துவிட்டால் அந்த நிமிடமே வாயைத் திறங்கள். தப்பு செய்தவனுக்கு அந்த அணியில் இடம் இருந்தது. நான் ஒரு நாள் தாமதித்ததற்குத்தான் மருந்து கிடைக்கவில்லை.

மீதிப் பந்தயங்களில் பாஸ்கரிடம் ஒரு நட்டும் சிக்கவில்லை. கழுவிய சக்கரத்தை நான்தான் அவனிடம் உருட்டிக்கொண்டு போவேன். வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் சார்" என்பான்.