நாத்தனார் முடிச்சுக்குப் போன வழி

போன மாதம் களக்காட்டில் என் தம்பிக்குக் கல்யாணம். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டும் நாத்தனார் போடவேண்டும். அவனுக்கு நான் ஒரே அக்கா. விடுப்பு கிடைக்காமல் முந்தின இரவுதான் சென்னையிலிருந்து காரில் வந்து திருநெல்வேலியில் தங்கினோம். காலையில் கிளம்பவே எட்டரை ஆகிவிட்டது. ஒரு மணி நேரப் பயணம்தானே என்று இருந்தோம்.

ஓட்டியது நான். பக்கத்தில் கணவர், மடியில் இரண்டு போன், இரண்டிலும் வேறு வேறு செயலி. ஒன்று நாங்குநேரி வழியாக நாலுவழிச் சாலையில் போகச் சொன்னது. இன்னொன்று பேட்டை, பத்தமடை, சேரன்மகாதேவி என்றது. இரண்டுமே நாற்பது சொச்சம் கிலோமீட்டர். ஆற்றைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று இரண்டாவதை எடுத்தோம். முதலாவதை அணைக்க மறந்தோம். பத்தமடை தாண்டியும் அது “திரும்பிச் செல்லவும்” என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

சேரன்மகாதேவியில் தெற்கே திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும் இரண்டாவது செயலி ஒரு குறுக்கு வழி காட்டியது. திரும்பினேன். தார் மறைந்து செம்மண் வந்தது. பிறகு ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல். சிக்னல் போய்விட்டது. புல்லுக்கட்டோடு வந்த ஒருவரிடம் கேட்டேன்.

“அண்ணாச்சி, இது களக்காடு போகுமா?”

“போவும். ஆனா கார் போவாதே. பைய பின்னால எடுங்க.”

பின்னாலேயே பைக்கில் வந்தவர் விடவில்லை. “ஏன் போவாது? நேத்து எங்க மச்சான் வேன்ல போனான்லா!”

“அது வேற பாதைவே!”

அவர்கள் பேசி முடிவதாக இல்லை. கணவர் இறங்கிப் பின்னால் நடந்து கைகாட்ட, வாய்க்காலில் சக்கரம் இறங்கிவிடுமோ என்று பயந்து பயந்து பின்னால் எடுத்தேன். மெயின்ரோட்டை அடைந்ததும் சிக்னல் வந்தது. கூடவே தம்பியின் போனும்.

“எக்கா, எங்க நிக்கே? அய்யர் அவசரப்படுத்துதாரு.”

“வந்துட்டேன்டா.” எங்கே இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அப்போது களக்காடு போர்டு போட்ட பஸ் ஒன்று போனது. அதன் பின்னால் ஒட்டிக்கொண்டேன். அது எல்லா நிறுத்தத்திலும் நின்றது. முந்திப் போகலாம், போய் வழியைத் தவறவிட்டால்? நானும் நின்றேன்.

மண்டப வாசலில் காரை நிறுத்தும்போதே கெட்டிமேளம் கேட்டது. செருப்பை எங்கே விட்டேனோ, ஓடினேன். தம்பி முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கயிற்றை விடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். சித்தி மகள் பக்கத்தில் தயாராக நின்றாள். அவன் அவளிடம் கொடுக்கவில்லை. மற்ற இரண்டு முடிச்சையும் நான்தான் போட்டேன்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: ஒரு போன், ஒரு செயலி போதும். ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கு வழி காட்டினால் போகாதீர்கள். எந்தச் செயலி என்று மட்டும் கேட்காதீர்கள். திரும்பும்போது இரண்டையும் போட்டுப் பார்த்தோம். இரண்டும் ஒரே வழியைக் காட்டின. காலையில் ஏன் காட்டவில்லை என்று இன்றுவரை புரியவில்லை.