மேல்சட்டம் வக்கீலம்மா

வழக்கு அழைக்கப்படும்வரை வக்கீலம்மா உட்கார மாட்டார். நீதிமன்ற வராந்தாவில் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே உலாத்துவார். எதிரே வருகிறவர் யாரானாலும் கையில் ஒரு சுளை விழும். அன்றைக்கு அவரை எதிர்த்து வாதாட வந்தவரும் தப்ப முடியாது. "சாப்பிடுங்க சார். உள்ள போனா உங்களுக்கு ஒண்ணும் மிச்சம் வைக்க மாட்டேன்."

சக வக்கீல்கள் அவருக்கு வைத்த பெயர் 'மேல்சட்டம்'. குமாஸ்தாக்களின் வாயில் அது 'மேல்சட்டை' ஆகிவிட்டது. நாடுகள் கூடிப் போட்ட சட்டமும் நாட்டுக்குள் போட்ட சட்டமும் முட்டிக்கொண்டால் எது நிற்கும் என்பதில் அவருக்கு அப்படியொரு பைத்தியம். மற்றவர்கள் வாடகைத் தகராறுகளில் வீடு கட்டிக்கொண்டிருக்க, இவர் இதிலேயே தலையை நரைக்க விட்டார். பல் வைத்தியரான கணவர் சாப்பாட்டு மேசையில் சீண்டுவார்: "நம்ம வீட்டுல யார் சட்டம் மேல?"

"கையெழுத்துப் போட்டுத்தானே கட்டிக்கிட்டீங்க? அப்புறம் என்ன கேள்வி?"

அவரைத் தேடி ஒரு தையல்காரி வந்தார், ஏழு வயது மகளோடு. பக்கத்து நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர். மகளுக்குக் காது மந்தம். அரசு இலவசமாகக் காது மிஷின் கொடுக்கிறது. ஆனால் குடிமக்களின் பிள்ளைகளுக்கு மட்டும் என்கிறது உள்நாட்டுச் சட்டம்.

"உங்க நாடு, உங்க சட்டம். நாங்க என்னம்மா கேக்கிறது?"

"நீங்க இருக்கிறது அடுக்குமாடிதானே? வீட்டுக்குள்ள அவங்கவங்க இஷ்டம். ஆனா சங்கத்துல கையெழுத்துப் போட்டவன் மாடிப்படியை மறிச்சு அலமாரி வைக்க முடியுமா? நம்ம ரெண்டு நாடும் ஒரே கூட்டமைப்பு. வேலைக்கு வந்தவங்க கிட்ட வேத்துமை காட்ட மாட்டோம்னு கையெழுத்துப் போட்டிருக்கு. அந்த உரிமை நேரா உங்க கைக்கே வரும்."

வழக்கை விசாரித்த நீதிபதி நல்ல மனிதர், ஆனால் தயங்கினார். "பார்லிமென்ட் போட்ட சட்டத்தை நான் எப்படிம்மா ரத்து பண்றது?"

"ரத்து பண்ண வேண்டாங்க ஐயா. அது பாட்டுக்குப் புத்தகத்துல இருக்கட்டும். கூட்டமைப்புச் சட்டத்தோட மோதுற இடத்துல மட்டும் ஓரமா நிக்கட்டும். சந்தேகம்னா கூட்டமைப்பு நீதிமன்றத்தைக் கேளுங்க."

இடைவேளையில் அரசு வக்கீல் மெல்ல நெருங்கினார். "கருணை அடிப்படையில ஒரு மிஷின் கொடுத்துடறோம். கேஸை வாபஸ் வாங்கிடுங்க."

வக்கீலம்மா தையல்காரியைத் தனியே அழைத்துப்போனார். ஆயுள் முழுக்கக் காத்திருந்த வழக்கு இது. ஆனால் தாமதமானால் பிள்ளையின் பேச்சும் மட்டுப்படும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தன் ஆசை முகத்தில் தெரிந்துவிடக் கூடாதென்று சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "வாங்கிக்கிட்டா தப்பே இல்லம்மா. கூட்டமைப்புக் கோர்ட்டுலருந்து பதில் வர வருஷக்கணக்காகும். தோத்தும் போகலாம்."

தையல்காரி யோசித்தார். "பிள்ளை வளர வளர வேற மிஷின் மாத்தணும். ஒவ்வொரு தடவையும் கருணை கேட்டு வந்து நிக்கணுமா? நீங்க அந்தக் கோர்ட்டையே கேக்கச் சொல்லுங்கம்மா."

நீதிபதி கேள்வியை அனுப்பினார். அதன்பின் வக்கீலம்மா தையற்கடை இருக்கும் தெருவைத் தவிர்த்து, சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் தெம்பு அவருக்கு இல்லை. வராந்தாவில் சுளை கொடுக்கும்போதுகூடப் பேச்சு குறைந்துவிட்டது.

ஒருவழியாகப் பதில் வந்தது. இரண்டு சட்டமும் மோதினால் கூட்டமைப்புச் சட்டமே நிற்கும். 'குடிமக்களின் பிள்ளைகளுக்கு மட்டும்' என்ற வரி இந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது என்று நீதிபதி நிதானமாக வாசித்தார். வாசித்து முடித்ததும் அவருக்கே பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

வெளியே வந்ததும் தையல்காரி வக்கீலம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஜெயிச்சோமாம்மா?"

சிறுமி ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வக்கீலம்மா கறுப்பு அங்கி தரையில் புரள அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவள் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்து, சத்தமே இல்லாமல், உதடுகளை நன்றாக அசைத்து, மெதுவாக ஒரே ஒரு சொல்லைச் சொன்னார்: "கிடைச்சிடுச்சு."