சுலோச்சனா போடாத ஊசி

ஆர்.கே.பேட்டையில் சுலோச்சனாவைப் பற்றி ரொம்ப நாள் இரண்டு விதமான பேச்சு இருந்தது. அக்கா புருஷனுக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டாள் என்றார்கள் சிலர். அந்த மனுஷன் கெஞ்சிக் கேட்டும் போடாமல் தவிக்கவிட்டாள் என்றார்கள் வேறு சிலர். இரண்டு பேச்சும் அவள் காதுக்கு வந்தன. வேலையை விட்டுவிட்டு யாரிடமும் போய் நியாயம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை அவள்.

நெசவுக் குடும்பம். வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும். அப்பா சிங்காரத்தை நைனா என்றும், அக்கா பத்மாவின் புருஷன் கோதண்டபாணியைப் பாவா என்றும் கூப்பிடுவாள். கல்யாணமான கொஞ்ச வருஷத்திலேயே சுலோச்சனாவின் புருஷன் காசநோயில் போய்விட்டான். பிள்ளை இல்லை. அறுபதில் திருத்தணி ஆந்திராவை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்த சமயம் அது. மெட்ராஸில் நர்ஸ் பயிற்சிக்குப் பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, போகிறேன் என்று நின்றாள்.

"கண்டவன் ஒடம்பத் தொட்டுத் தொடைக்கற வேலைக்கு என் பொண்ணு போவ மாட்டா" என்றார் நைனா.

"என் புருஷன் ஒடம்ப நான்தானே தொடச்சேன். அப்ப யாரும் வேணாம்னு சொல்லலியே" என்றாள் சுலோச்சனா.

நைனா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. கோதண்டபாணிதான் ஒரு தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளைத் திருத்தணிக்குக் கூட்டிவந்து, கூடவே ரயிலேறி, மெட்ராஸில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தான். மாமனாரின் கோபத்தைத் தன் தலையில் வாங்கிக்கொண்டான். படிப்பு முடிந்ததும் அவளுக்குத் திருத்தணியிலேயே வேலை கிடைத்தது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் டாக்டர் ராஜமாணிக்கம் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி. பிரசவம், பாம்புக்கடி, ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் மயங்கி விழுகிறவர்கள் என்று பத்துப் பன்னிரண்டு வருஷம் அங்கே ஓடிவிட்டது.

எழுபத்தைந்தில் கோதண்டபாணிக்குத் தொண்டையில் புற்று வந்தது. மெட்ராஸில் கரண்ட் வைத்தார்கள்; கதிர்வீச்சு வைத்தியத்துக்கு ஊரில் அந்தப் பேர். கொஞ்சம் குறைந்த மாதிரி தெரிந்து, மறுபடி வளர்ந்தது. இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று பத்மாவுக்கு விளக்க வேண்டியிருந்தது. கோதண்டபாணிக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

சுலோச்சனா லீவு போட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் கட்டில். பக்கத்து வீட்டு விசைத்தறி பகலெல்லாம் சுவரை அதிரவைக்கும். நோயாளிக்குத் தொந்தரவாக இருக்குமே என்று அவர்கள் தறியை நிறுத்தியபோது கோதண்டபாணி ஓட்டச் சொல்லி ஆளனுப்பினான். சத்தம் நின்றால் ஏற்கனவே செத்துவிட்ட மாதிரி இருக்கிறது என்றான்.

வந்த மூன்றாம் நாள், பத்மா தண்ணீருக்குப் போயிருந்தபோது, அவளைக் கிட்டே கூப்பிட்டான். குரல் காற்றாகத்தான் வந்தது.

"நீ ஊசி போடறவ. எனக்கு ஒண்ணு போட்டுடு. எந்திரிக்காத மாதிரி."

அவள் எதிர்பார்த்ததுதான்.

"முடியாது பாவா."

"அன்னைக்கு ரயிலேத்தி வுட்டது யாரு? இதுக்குக்கூட ஆவலன்னா நீ படிச்சது இன்னாத்துக்கு?"

"இதுக்கு இல்ல. வலிக்கு மருந்து கொண்டாறேன். அது என்னால முடியும்."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவள் மறுநாளே பஸ் பிடித்துத் திருத்தணிக்குப் போனாள். டாக்டர் ராஜமாணிக்கம் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனுஷர். தன் சொந்தத் தாயார் இதே நோயில் கிடந்ததைப் பார்த்தவர். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:

"மார்பின் தரேன். அவரு கேக்கறது எனக்குத் தப்பாப் படல, சுலோச்சனா. எவ்வளவு போடறதுன்னு நீயே பாத்துக்கோ. நான் எதுவும் கேக்கமாட்டேன்."

அவர் என்ன சொல்கிறார் என்பது அவளுக்கு விளங்கியது.

"நீங்க கேக்கமாட்டீங்கன்னா நான் வாங்கமாட்டேன் டாக்டர். எவ்வளவு, எப்பன்னு நீங்களே எழுதிக் குடுங்க. வாரத்துக்கு ரெண்டு தடவ வந்து பாருங்க. பத்தலன்னா ஏத்துங்க. நான் ஒருத்தியா மறைவுல செய்யற காரியமா இது இருக்கக் கூடாது."

"பயப்படறியா?"

"ஆங், பயந்தான். நல்லதுன்னு நெனச்சி ஒருத்தருக்குச் செஞ்சா, அடுத்த ஆளு வந்து எங்க நைனாவுக்குச் செய்யின்னு நிப்பான். அவரு கேட்டாரா, வீட்டுல இருக்கறவங்களுக்கு அலுத்துப்போச்சான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

டாக்டர் எழுதிக் கொடுத்தார். சொன்னபடி வந்தும் பார்த்தார்.

மருந்து வேலை செய்தது. வாரக்கணக்கில் தூங்காத மனுஷன் தூங்கினான். கழுத்தைத் தொட்டாலே துடிப்பவன், பத்மா முகம் துடைக்கும்போது அசையாமல் இருந்தான். கடைசிப் பெண்ணை மடியருகே உட்காரவைத்து அவள் சொன்ன பள்ளிக்கூடக் கதையைக் கேட்டான். பாவாவுக்கு இனி அந்த எண்ணம் போய்விடும் என்று சுலோச்சனா நம்பினாள்.

ஒரு நாள் சாயங்காலம் புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது அவன் மறுபடி கேட்டான்.

"இப்ப வலி இல்லியே பாவா?"

"வலிக்காவ மட்டும் நான் கேக்கல. இந்த நாத்தம் எனக்கே தாங்கல. உங்கக்கா மூச்ச அடக்கிகினு சிரிக்கிறா. தெனம் பாக்கறேன். போறதுதான் நெசம்னா, நானாப் போறனே."

அவளிடம் தயாராக இருந்த பதில் வலியைப் பற்றியதாக மட்டும் இருந்தது. கட்டை முடித்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க கேக்கறது தப்புன்னு சொல்லமாட்டேன். என் கையால ஆவாது. வேற எது வேணாம்னாலும் சொல்லுங்க, யார் தடுத்தாலும் நான் நிக்கறேன்."

அதை அவன் மனதில் வைத்துக்கொண்டான் போலிருக்கிறது. அவனுக்கு மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கஞ்சித் தண்ணீரும் பாலும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வாரம் அதைத் தானே பிடுங்கிப் போட்டான். டாக்டர் வந்து மறுபடி போட முயன்றபோது தலையை ஆட்டினான். இது வேண்டாம் என்றால் என்ன ஆகும் தெரியுமா என்று டாக்டர் நிதானமாகக் கேட்டார். தெரியும் என்றான். அவர் குழாயைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

விஷயம் கேள்விப்பட்டு அவன் தம்பி நாகேந்திரன் ஓடிவந்தான். அண்ணன் தோளில் வளர்ந்தவன். கூட இரண்டு உறவுக்காரர்களையும் கூட்டி வந்திருந்தான்.

"கையக் கட்டிட்டாவது குழாய வுட்டுடலாம். பட்டினி போட்டு சாவடிப்பாங்களா?"

சுலோச்சனா கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கட்டிப்போட்டு ஊத்தறதுக்கு அவரு மாடு இல்ல, நாகேந்திரா. அறிவு தெளிவா இருக்குது. வேணாம்ங்கறாரு. யாரும் கை வெக்கக் கூடாது."

"ஊசி போடமாட்டேன்னு சொன்னியாமே. இப்ப பட்டினி போடறதுக்கு நிக்கற. ரெண்டும் ஒண்ணுதானே அக்கா?"

"ஒண்ணு இல்ல."

"எப்பிடி இல்ல? சொல்லு."

அவள் ஒரு கையால் கட்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊசி போட்டா அவர அனுப்பறது நான். இது அவரு போறாரு, நான் கூட நடக்கறேன். உனக்கு இந்த வித்தியாசம் சின்னதாத் தெரியலாம். எனக்கு நிக்கறதுக்கு அவ்வளவுதான் எடம்."

கட்டிலிலிருந்து காற்றுக் குரல் வந்தது.

"நீ நிக்க எடம் வேணும். அதுக்கு நான் இத்தன நாளு கெடக்கணுமா?"

பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. சுலோச்சனா திரும்பி அவனைப் பார்த்தாள்.

"இதுக்கு என்கிட்ட பதிலு இல்ல, பாவா."

துணியைத் தண்ணீரில் நனைத்து அவன் உதட்டைத் தடவினாள். அவன் வேண்டாம் என்று தள்ளவில்லை. நாகேந்திரன் வாசலுக்குப் போய் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகான நாட்களில் பத்மாதான் ஆச்சரியம். அதுவரை அவள் புருஷன் காதில் சாவு என்ற வார்த்தை விழாமல் காத்துவந்தவள். இப்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பெரியவளை எங்கே கட்டிக்கொடுப்பது, தறியை யார் பார்ப்பது என்று கேட்டாள். அவன் முடிந்தவரை சொன்னான். நாற்றம் அடிக்கிறது, தள்ளி உட்கார் என்றபோது, "அடிக்குது, ஆனா தள்ளி உக்காரமாட்டேன்" என்றாள். அவள் மூச்சை அடக்காமல் உண்மையைச் சொன்னதில் அவனுக்கு ஏதோ நிம்மதி.

டாக்டர் எழுதிக் கொடுத்த அளவில், எழுதிக் கொடுத்த நேரத்தில் சுலோச்சனா ஊசி போட்டாள். வாய் வறளாமல், முதுகில் புண் வராமல் பார்த்துக்கொண்டாள். கோதண்டபாணி அவளோடு அதிகம் பேசவில்லை. ஒரு மத்தியானம் மட்டும் அவள் கையைப் பார்த்தபடி, "புடிவாதக்காரி. ரயிலேத்தும்போதே தெரியும்" என்றான். அது கோபமா வேறு ஏதாவதா என்று அவளால் கடைசிவரை தீர்மானிக்க முடியவில்லை.

ஒரு காலைப் பொழுதில், தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக்கொண்டிருந்த வேளையில், பத்மாவின் கையைப் பிடித்தபடி அவன் போய்ச் சேர்ந்தான்.

காரியம் முடியும் முன்பே பேச்சு கிளம்பிவிட்டது. பத்மாவே ஒருநாள் தங்கையைச் சமையற்கட்டில் நிறுத்திக் கேட்டாள்.

"என்கிட்ட மட்டும் சொல்லு. போட்டியா?"

"இல்லக்கா."

பத்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "போட்டிருக்கலாமோ?" என்றாள்.

"தெரியல. என்னால முடியலன்னு மட்டும் தெரியும்."

நாகேந்திரன் அவளோடு பல வருஷம் பேசவில்லை. அவன் வருத்தம் கடைசிவரை தீரவில்லை. அவளும் போய்ச் சமாதானம் சொல்லவில்லை. குழாயைத் தடுத்தது சரி என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

அவள் திருத்தணிக்குத் திரும்பிய பிறகு ஒரு புதிய வழக்கம் உண்டானது. மெட்ராஸிலிருந்து கைவிரித்து அனுப்பப்பட்டவர்கள் வீட்டிலிருந்து அவளைத் தேடி வந்தார்கள். டாக்டரிடம் பேசி, வேலை முடிந்த மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் போய்ப் பார்க்க ஆரம்பித்தாள். மருந்து டாக்டர் எழுதியதுதான், எழுதாததைத் தொடமாட்டாள். வாசலிலேயே சொல்லிவிடுவாள்: வலிக்குப் போடுவேன், அனுப்புவதற்குப் போடமாட்டேன், நோயாளி வேண்டாம் என்பதை வற்புறுத்திச் செய்யமாட்டேன். சிலர் ஏமாந்து போவார்கள். சிலருக்கு ஆறுதலாக இருக்கும்.

எண்பத்துமூன்று வாக்கில் கே.ஜி.கண்டிகையிலிருந்து வசந்தி என்று ஒரு டீச்சர் வந்து கூட்டிப்போனாள். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. பஸ்ஸை விட்டு இறங்கி வரப்போடு நடக்கும்போது வசந்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"உங்க பாவாவுக்கு நீங்க ஊசி போட்டீங்கன்னு சொன்னாங்க. அதான் உங்களத் தேடி வந்தேன்."

"அது பொய்ம்மா. போடல. உங்களுக்கு அதுதான் வேணும்னா நான் இப்படியே திரும்பிடறேன்."

வசந்தி வரப்பில் முன்னால் நடந்தபடியே கேட்டாள்.

"போட்டிருந்தா அவருக்கு நல்லாருந்திருக்குமா?"

"சில நாளு அப்படித் தோணும். அவரு கேட்டது அவருக்கு நியாயந்தான். நாளைக்கு எனக்கு வந்தா நானும் கேப்பேனோ என்னவோ."

"அப்பவும் எங்கம்மா கேட்டா போடமாட்டீங்களா?"

"மாட்டேன். ஆனா கேட்டாங்கன்னு கோவிச்சிகினு எழுந்து போவவும் மாட்டேன். அவங்க கேட்டாங்களா?"

"இல்லீங்க. நான்தான் நெனச்சேன். அவங்க படறதப் பாக்க முடியல."

"அப்ப முதல்ல அவங்ககிட்ட பேசுவோம்" என்றாள் சுலோச்சனா. வீடு வந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு, தொட்டித் தண்ணீரில் முழங்கைவரை கையைக் கழுவிக்கொண்டு, எந்தப் பக்கம் படுத்திருக்கிறார்கள் என்று கேட்டபடி உள்ளே போனாள்.