கடைசியாக நன்றாகப் பார்த்தது யார்?

1. முதல் நாள் கற்றுக்கொண்ட கேள்வி

ஸ்ட்ரோக் யூனிட்டில் எனக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்தது ஊசி போட அல்ல, ஒரு கேள்வி கேட்க. "கடைசியாக இவர் நன்றாக இருந்ததைப் பார்த்தது யார், எத்தனை மணிக்கு?" அதற்குப் பிறகு பதினொரு வருஷம் திருவனந்தபுரத்தில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் இன்சார்ஜ் சிஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனேன். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். இனிப்பாக எழுத என்னிடம் ஒன்றும் கிடையாது. நடந்ததை எழுதுகிறேன்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாகி அடைத்துக்கொண்டால் கை கால் விழுந்துவிடும், பேச்சு போய்விடும். அந்தக் கட்டியைக் கரைக்க ஒரு ஊசி உண்டு. அதை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நேரம் தாண்டிப் போட்டால் கரைக்கிற மருந்தே மூளைக்குள் ரத்தக்கசிவை உண்டாக்கிவிடலாம். அந்த நாலரை மணியை, ஆள் விழுந்து கிடந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து எண்ணக்கூடாது. அவர் நன்றாக இருந்ததைக் கடைசியாகப் பார்த்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும். எங்கள் பாஷையில் ‘லாஸ்ட் சீன் நார்மல்’. ராத்திரி நன்றாகப் படுத்தவர் காலையில் வாய் கோணி எழுந்தால் கணக்கு ராத்திரியிலிருந்துதான்.

எளிய கேள்வி. ஆனால் பத்து வீட்டில் எட்டு வீட்டுக்காரர்கள் பதில் தெரியாமல் நிற்பார்கள். மலையில் போனக்காடு எஸ்டேட் லயத்து வீடுகளிலிருந்து ஜீப் பிடித்து வருகிறவர்களுக்கு மலை இறங்குவதற்குள்ளேயே நேரம் தீர்ந்துவிடும். அவர்களை நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு, "தெரியலையே சிஸ்டர், அவர் ரூமில இருந்தார், நாங்க ஹால்ல இருந்தோம்" என்பவர்களைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஒரே வீட்ல இருக்கீங்க. காலைல எழுந்திரிச்சு ஒரு ஆளு மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை பேச மாட்டீங்களா?" என்று அவர்கள் அழுதுகொண்டிருக்கும்போதே கேட்டிருக்கிறேன். அப்படிப் பேசியதற்கு ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. யூனிட்டில் எனக்கு ‘இன்ஸ்பெக்டர்’ என்று பெயர். அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

2. சாலைக் கடைக்காரரின் மகன்

சாலை பஜாரில் அரிசி மொத்த வியாபாரம் செய்கிற ஒருவரைக் கொண்டுவந்தார்கள். இடது கை, இடது கால் விழுந்திருந்தது. மகன் கூட வந்தான். முப்பது வயதிருக்கும்.

"எட்டரைக்கு என்கூட உக்காந்து இட்லி சாப்பிட்டாரு சிஸ்டர். நல்லா பேசிக்கிட்டுதான் இருந்தாரு. ஒம்பது மணிக்குத்தான் சாஞ்சாரு."

மணி அப்போது பத்து. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. பி.பி. சரி, சுகர் சரி. ஊசி போட்டோம். மத்தியானத்துக்கு மேல் தலைவலி என்றார், வாந்தி எடுத்தார். மறுபடி ஸ்கேன் எடுத்தால் மூளைக்குள் ரத்தம். மறுநாள் இறந்துவிட்டார்.

உடலைக் கொண்டுபோகும்போது அவர் மனைவி வராந்தாவில் உட்கார்ந்து சொல்லி அழுதுகொண்டிருந்தார். "அஞ்சு மணிக்கே பாத்ரூமுக்குப் போனவரு எந்திரிக்க முடியலைன்னாரே. வாயுவா இருக்கும்னு படுக்க வச்சேனே."

நான் மகனைத் தனியாகக் கூப்பிட்டேன். "எட்டரைன்னு ஏன் சொன்னே?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நேரம் ஆயிடுச்சுன்னா ஊசி கிடையாதுன்னு வெளிய ஒருத்தர் சொன்னாரு. ஊசி கிடைச்சா அப்பா பொழைச்சுக்குவாருன்னு நெனச்சேன்."

எங்கள் யூனிட் டாக்டர் அனீஷ் அப்போதே சொன்னார், சரியான நேரத்தில் போட்டாலும் சிலருக்குக் கசிவு வரும், இது நேரத்தால்தான் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது என்று. என் காதில் ஏறவில்லை. ஊசியை ஏற்றியது என் கை. அந்த வாரமே ஒரு ஃபார்ம் தயார் செய்தேன். நேரம் சொல்கிறவர் வீட்டு ஆளாக இருக்க வேண்டும், கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது அவரோடு பேசியிருக்க வேண்டும். நோயாளி என்ன பேசினார், எந்தக் கையால் எதை எடுத்தார் என்று விவரமாகச் சொல்ல வேண்டும். இரண்டு தரம் கேட்டு, இரண்டு தரமும் ஒத்துவந்தால்தான் எழுதுவோம். வேறு யார் சொன்னதும் செல்லாது. ஆடிட்டுக்கு வந்தவர்கள் அந்த ஃபார்மைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

3. என் வீட்டுக் கேஸ்

எங்கள் வீடு கரமனையில். என் வீட்டுக்காரர் தாணுலிங்கம், சாலை பஜாரில் ஒரு ஹார்ட்வேர் கடையில் கவுண்டரில் நின்றவர். ஆணி, போல்ட், பைப் என்று எந்த அளவைக் கேட்டாலும் திரும்பிப் பார்க்காமலே எந்தத் தட்டில் இருக்கிறது என்று சொல்லுவார். ஓயாமல் பேசுகிற ஆள். நான் அவ்வளவு பேசமாட்டேன். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அவ்வளவுதான். "பேஷண்ட்டுகிட்ட கேக்குத மாதிரில்லா கேக்குத" என்பார். மகள் கொச்சியில் வேலை பார்க்கிறாள். ராத்திரி ஒன்பது மணிக்கு அவளோடுதான் மனசு விட்டுப் பேசுவார்.

அவர் விழுந்ததற்கு முந்தின நாள் நான் டபுள் டியூட்டி பார்த்துவிட்டு வரும்போது அவர் தூங்கியிருந்தார். காலையில் ஆறரைக்குக் கிளம்பும்போது அவர் அறைக்கதவு சாத்தியிருந்தது. "ஃபிளாஸ்க்ல காப்பி இருக்கு, நான் போறேன்" என்றேன். பதில் வந்ததா இல்லையா என்று நின்று கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

பத்தே இருபதுக்கு கேஷுவாலிட்டியிலிருந்து ஸ்ட்ரோக் கால் வந்தது. மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஸ்ட்ரெச்சரில் அவர் கிடந்தார். வலது கை துவண்டு தொங்கியது. வாய் இடப்பக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார், சத்தம் மட்டும் வந்தது. பக்கத்து வீட்டு லீலாம்மா சேச்சிதான் ஆட்டோவில் கொண்டுவந்திருந்தார். பத்து மணிக்கு வாசல் கதவு திறந்து கிடப்பதைப் பார்த்து உள்ளே போயிருக்கிறார், ஹாலில் இவர் விழுந்து கிடந்திருக்கிறார்.

எனக்குக் கை நடுங்கவில்லை. அதை இன்று நினைத்தாலும் எனக்கே பிடிக்கவில்லை. நான் ஃபார்மை எடுத்தேன்.

"சேச்சி, இன்னைக்குக் காலைல இவரைப் பாத்தீங்களா?"

"கண்டில்லா. ஆனா காலைல வாசல்ல சார் யாரோடயோ பேசுற சத்தம் கேட்ட மாதிரி இருந்நு. நான் அடுக்களையில அல்லே."

"ஆளைப் பாத்தீங்களா?"

"இல்ல."

"மணி என்ன?"

"ஏழோ எட்டோ. நோக்கலை."

"பாக்கவும் இல்ல, மணியும் தெரியாது. எழுத முடியாது சேச்சி" என்றேன். ஒன்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். பாவம், அந்த அம்மா பயந்து ஒதுங்கிக்கொண்டார்.

மகளுக்குப் போன் போட்டேன். முந்தின ராத்திரி ஒன்பது மணிக்கு நன்றாகப் பேசினார் என்றாள். அவளுக்கு விஷயத்தைச் சொல்லாமலே போனை வைத்தேன்.

ஸ்கேனில் கசிவு இல்லை. பெரிய குழாயில் அடைப்பும் இல்லை, அதனால் கம்பி விட்டுக் கட்டியை எடுக்கிற வழியும் இல்லை. நேரம் தெரியாதவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, அதை வைத்து முடிவு செய்வதுண்டு. அவருக்குப் பழைய பேஸ்மேக்கர் இருந்தது, எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் அனுப்பக்கூடாது. மிச்சமிருந்தது ஊசிதான். டாக்டர் அனீஷ் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சிஸ்டரே, காலைல நீங்க இறங்கும்போ சார் பேசினாரா?"

"நான் பாக்கலை சார்."

"ஒரு வார்த்தை. சரியாட்டு ஓர்த்து, ஞாபகப்படுத்திச் சொல்லணும்."

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் "பேசினார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் எழுதிவிடுவார். ஆறரையிலிருந்து கணக்குப் போட்டால் பதினொன்று வரை நேரம் இருந்தது. அப்போது மணி பத்து ஐம்பத்தைந்து. மருந்துப் பெட்டி என் கையிலேயே இருந்தது. சாலைக் கடைக்காரரின் மகன் என் கண்முன்னால் நின்றான். அவனைக் கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை.

"நேத்து ராத்திரி ஒம்பது மணின்னு எழுதுங்க சார்."

அவர் எழுதினார். பதினாலு மணி நேரம் ஆகிவிட்டது. ஊசி கிடையாது. நானே மாடிக்குப் போய்ப் பெட்டியை ஃப்ரிட்ஜில் வைத்து, ‘உபயோகிக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் நர்சிங் சூப்பரின்டெண்ட் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, சொந்தப் புருஷன் விஷயத்திலும் பொய் சொல்லாத ஆள் என்று பத்துப்பேர் முன்னால் சொன்னார். அந்த நேரத்திலும் அது எனக்குக் கொஞ்சம் நிறைவாக இருந்தது. வெட்கத்தை விட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

4. ஏழேமுக்கால்

ஐந்தாம் நாள் காலையில் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். பூட்டைத் திறக்கும்போது ஒரு சைக்கிள் வந்து நின்றது. லாட்டரி விற்கிற மாரியப்பன். செங்கோட்டைக்காரர், கரமனை முழுக்கத் தெரிந்த ஆள். என்னைக் கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தார். எங்கள் வீட்டில் லாட்டரி வாங்கக்கூடாது என்று நான்தான் பல வருஷத்துக்கு முன்னால் சண்டை போட்டு நிறுத்தியிருந்தேன். நிறுத்திவிட்டதாக நினைத்திருந்தேன்.

"சிஸ்டரம்மா, சாருக்கு இப்ப எங்ஙன இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு. நீங்க எதுக்கு இங்க வாரீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "வெசனப்படாதீங்க. நீங்க ஏழு மணிக்கு முன்ன போயிருவீங்கல்லோ. ஏழேமுக்காலுக்கு வான்னு சார்தான் சொல்லி வச்சிருக்கார். எட்டு மணிக்கு எனக்கு ஜங்ஷன்ல நிக்கணும். அதனால நேரம் தப்பாது."

"அன்னைக்கும் வந்தீங்களா? அவர் விழுந்த அன்னைக்கு?"

"பின்னே. ஏழுல முடியுற நம்பர் வேணும்னு நின்னார். சீட்டுக் கட்டை வாங்கி ஒவ்வொண்ணா நம்பரைச் சத்தமா வாசிச்சார். ஏழு இல்லைன்னதும் என்னைய நல்லா வைஞ்சுபோட்டார். அப்புறம் சிரிச்சார். மேல் பாக்கெட்ல இருந்து ரூபா எடுத்துத் தந்தார்."

"எந்தக் கையால?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

அவர் சொல்லச் சொல்ல என் மண்டைக்குள் ஸ்ட்ரோக்குக்குப் போடுகிற ஸ்கோர் ஷீட் ஓடியது. பேச்சு சரி. பார்வை சரி. நிற்கிறார், சிரிக்கிறார், வலது கை வேலை செய்கிறது. ஏழேமுக்காலுக்கு என் புருஷனுக்கு ஒரு குறையும் இல்லை. லீலாம்மா சேச்சி கேட்ட சத்தம் அதுதான். ஏழேமுக்காலிலிருந்து எண்ணினால் பன்னிரண்டே கால் வரை நேரம் இருந்திருக்கிறது. நான் பெட்டியை ஃப்ரிட்ஜில் வைத்தபோது முழுதாக ஒரு மணி நேரம் மிச்சம். யாரோடு பேசினார் என்று சேச்சியிடம் இன்னொரு கேள்வி கேட்டிருந்தால், ஜங்ஷனுக்கு ஒரு ஆளை அனுப்பியிருந்தால், பத்து நிமிஷத்தில் மாரியப்பன் கிடைத்திருப்பார். வீட்டு ஆள் இல்லை, கண்ணால் பார்க்கவில்லை என்று நான்தான் சேச்சியின் வாயை அடைத்தேன்.

"அன்னைக்கே ஏன் வந்து சொல்லலை?" என்று கேட்டேன்.

"எங்கிட்ட யாரும் கேக்கலையே சிஸ்டரம்மா. சீட்டு வாங்கினார்னு சொன்னா நீங்க வைவீங்கன்னு..."

நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

5. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது

லீவு முடிந்து போனதும் அந்த ஃபார்மை நானே கிழித்தேன். புதியதில் ‘வீட்டு ஆள்’ என்ற வார்த்தை கிடையாது. இன்றைக்கு இவர் யார் யாரிடம் பேசினார் என்றுதான் கேட்க வேண்டும். பால்காரர், டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட், சீட்டு விற்கிறவர், எல்லாரையும் கேளுங்கள். நோயாளியின் போனை எடுத்துக் கடைசியாகப் பேசிய நம்பருக்கு அடியுங்கள். சத்தம்தான் கேட்டது என்று யாராவது சொன்னால், அந்தச் சத்தத்துக்கு எதிர்ப்பக்கம் நின்றவர் யார் என்று தேடுங்கள். பொய்யைப் பிடிக்க இரண்டு தரம் கேட்பது சரிதான். பதில் சொல்கிறவர் சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று நான் வைத்தது அகங்காரம்.

அதற்கு மறுவருஷம் ஒரு தச்சுவேலைக்காரரைக் கொண்டுவந்தார்கள். மனைவிக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் போனில் கடைசி நம்பருக்கு அடித்தேன். டீக்கடைக்காரர் எடுத்தார். பத்தேகாலுக்கு இங்கே நின்று டீ குடித்துவிட்டு, ராத்திரி மேட்சைப் பற்றிச் சண்டை போட்டுவிட்டுப் போனார் என்றார். ஊசி போட்டோம். ஆறாம் நாள் அவர் நடந்து வீட்டுக்குப் போனார். அந்த மனைவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க கேட்டதாலதான் சிஸ்டர்" என்று அழுதாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவள் மேல் பொறாமையாக இருந்தது. கையை உருவிக்கொண்டு டியூட்டி ரூமுக்குப் போய்விட்டேன்.

என் வீட்டுக்காரருக்குக் கால் ஓரளவு வந்துவிட்டது, வாக்கர் பிடித்து நடப்பார். பேச்சு வரவில்லை. ஆனால் நாம் சொல்வது எல்லாம் புரியும். இப்போது நான் நாள் முழுக்க வீட்டில்தான், அவர் முகத்தைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு ஊசி இருந்தது, நேரமும் இருந்தது, வேண்டாம் என்று சொன்னது நான்தான் என்பதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. திட்டுவார் என்று பயமில்லை. திட்டுவதற்கு அவர் வாயைத் திறப்பார், வார்த்தை வராது, அது வருமா என்று பார்த்துக்கொண்டு நான் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும்.