கார்டுக்கு வைத்த பொட்டு

ஒரு கிராபிக்ஸ் கார்டு வேலை செய்யக் கூடாது என்று பிள்ளையாருக்குப் பதினொரு தோப்புக்கரணம் போட்டவன் நான். அப்போது எனக்கு வயது பன்னிரண்டு. அறியாத வயது என்று தப்பித்துக்கொள்ள முடியாது. கிராபிக்ஸ் கார்டைப் பற்றி எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கார்டுதான் இல்லை. அதைச் செருகக் கம்ப்யூட்டரும் இல்லை.

இரண்டும் இருந்தது சங்ககிரியில், பெரியப்பா வீட்டில். அவருக்கு நான்கு லாரி, ஒரே மகன். அந்த அண்ணன் என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவன். எருமப்பட்டியில் எங்கள் காட்டில் நிலக்கடலை விளைந்தது. கடலையில் எதையும் செருக முடியாது. நான் நூலகத்துக் கம்ப்யூட்டர் இதழ்களை ஒரு வரி விடாமல் படித்துப் பொருமிக்கொண்டிருந்தேன்.

முழுப்பரீட்சை லீவுக்கு நான் போயிருந்தபோதுதான் சேலத்திலிருந்து கார்டு வந்து இறங்கியது. பெரியப்பாவைப் பொறுத்தவரை, புதிதாக வாங்கிய எதுவும் பொட்டு வைக்காமல் ஓடக் கூடாது. லாரிக்கு முகப்பில் வைப்பார். கார்டுக்கு முகம் எது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடி விளிம்பில் தங்க நிறத்தில் ஒரு பல்வரிசை மின்னியது. குழைத்த சந்தனத்தை மூன்று விரலால் அதன்மேல் இழுத்து, நடுவில் குங்குமமும் வைத்து, "இப்பச் சொருகு சாமி" என்றார் மகனிடம்.

கம்ப்யூட்டருக்குள் பொருந்தும் அந்தப் பல்லில் விரல்கூடப் படக் கூடாது, அழுக்குப் பட்டால் திரையில் படம் வராது என்று நான் படித்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அண்ணன் செருகினான். திரை கறுப்பாகவே இருந்தது. அவ்வளவு அழகான கறுப்பை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

மானிட்டர் ஒயரைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்கள். லாரிப் பட்டறையிலிருந்து எலெக்ட்ரீசியன் வந்து பார்த்து, "கரண்டு வருதுங்க, வண்டிதான் கெளம்பல" என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார். நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அண்ணனுக்கு ஆறுதல் சொன்னேன். மறுநாள் காலை எனக்கு இரண்டு இட்லி கூடுதலாக இறங்கியது.

மூன்றாவது பாதியில் இருந்தபோது பெரியப்பா மகனின் தலையைத் தடவினார். "உடு சாமி. இதக் கடையில திருப்பிக் குடுத்துப்போட்டு, இதவிடப் பெருசா ஒண்ணு வாங்கியாறலாம்."

பாதி இட்லியைத் தட்டிலேயே வைத்தேன். இதைவிடப் பெரியது எது என்பதும் நான் படித்ததுதான்.

அவர் சட்டை மாட்டப் போன நேரத்தில் கார்டைக் கழற்றினேன். மேசையில் கிடந்த ரப்பரால் காய்ந்த சந்தனத்தைத் தேய்த்து எடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தான். செருகியதும் திரையில் வெளிச்சம் வந்தது.

பாராட்டை வாங்கிக்கொள்ளத் திரும்பினேன். பெரியப்பா வாசற்படியில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். காலையில் பெரியம்மா சிபியு தலைமேல் ஓர் எலுமிச்சம்பழம் வைத்திருந்தாராம். "பழம் வெக்காம உட்டது என்ற தப்புத்தான்" என்றார் பெரியப்பா.

போன பொங்கலுக்குத்தான் அண்ணனிடம் ஒப்புக்கொண்டேன், சந்தனம்தான் காரணம் என்று தெரிந்தே சும்மா இருந்ததை. அவன் கரும்புச் சக்கையைத் துப்பிவிட்டுச் சொன்னான்:

"எனக்குந்தான்டா அன்னைக்கே தெரியும். அப்பா ஆசையா வெச்ச பொட்ட எப்படி அழிக்கறதுன்னு உக்காந்திருந்தேன். நல்லவேளை, உனக்கு அப்படியெல்லாம் யோசன வராது."